தண்ணி வந்துருச்சு, எந்திரி: திருப்பூரில் குழாய் யார் பேர்ல இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

 

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. குழாய்ல தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு காத்து வரும், கேட்டிருக்கீங்களா? 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சீறல், நடுவுல ரெண்டு இருமல், அப்புறம் கலங்கலா கொஞ்சம் தண்ணி. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வர்ற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது தெரியாது. எனக்கு இப்பவும் தூக்கத்துல அந்தச் சத்தம் கேட்டா முழிப்பு வந்துடும். "தண்ணி வந்துருச்சு, எந்திரி"ன்னு எங்கம்மா குரலும் சேர்ந்து கேக்கும்.

எங்க குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம். 1999ல திருப்பூருக்கு வந்தோம். அம்மா பனியன் கம்பெனியில செக்கிங், அப்பா அயர்னிங். ஊர்ல மழை இல்ல, திருப்பூர்ல சனிக்கிழமை ஆனா கையில சம்பளம். அவ்வளவுதான் காரணம். நாங்க குடியிருந்தது ஒரு லைன் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள்ள வரிசையா எட்டு ரூம், கடைசியில ரெண்டு கக்கூஸ், ஒரு குளிக்கிற ரூம், நடு வாசல்ல ஒரு தொட்டி. எங்க ரூம் நம்பர் ஆறு.

அங்க தண்ணி ரெண்டு வகை. கொங்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒண்ணு நல்ல தண்ணி, இன்னொண்ணு சப்பைத் தண்ணி. நல்ல தண்ணின்னா ஆத்துத் தண்ணி, குழாய்ல வர்றது, குடிக்கவும் சமைக்கவும். சப்பைத் தண்ணின்னா போர் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. (கோயம்புத்தூர் நண்பர்கள் இந்த இடத்துல சிறுவாணிப் பெருமையை ஆரம்பிப்பாங்க. கொஞ்சம் பொறுங்க.)

சப்பைத் தண்ணி எப்ப வேணா கிடைக்கும், வீட்டுக்காரர் மோட்டார் போட்டா போதும். நல்ல தண்ணி ஆறு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் எட்டு நாள் ஆகும். காம்பவுண்டுக்கு ஒரே ஒரு குழாய். அதுவும் வீட்டுக்காரம்மா வீட்டு வாசல்ல. முதல்ல அவங்க சிண்டெக்ஸ் நிறையணும், அப்புறம் நாங்க. ஒரு ரூமுக்கு பன்னெண்டு குடம்னு கணக்கு. சுவத்துல பெயிண்ட்ல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் ரூம் நம்பர் எழுதி, எந்த ரூம் எத்தனை குடம் பிடிச்சதுன்னு சாக்பீஸ்ல கோடு போடுவாங்க.

அப்ப எனக்கு இந்தக் கணக்கு புரியல. இந்த எபிசோடுக்காக உக்காந்து போட்டுப் பார்த்தேன். ஒரு குடம் சுமார் 15 லிட்டர். பன்னெண்டு குடம்னா 180 லிட்டர். வீட்டுல நாலு பேர், ஆறு நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழரை லிட்டர் நல்ல தண்ணி. பாதாளச் சாக்கடை இருக்கற நகரங்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குழாய்த் தண்ணி தரணும்ங்கறது இந்திய அரசோட அளவுகோல். அந்த 135ல குளிக்கிறது, துவைக்கிறது எல்லாம் அடக்கம்தான், நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனா அந்த அளவுகோல் சொல்றது நல்ல தண்ணியை. அதுல எங்க ரூமுக்கு வந்து சேர்ந்தது ஏழரை.

லிட்டர்கூடப் பெரிய பிரச்சினை இல்ல, நேரம்தான் பிரச்சினை. திருப்பூர்ல வேலை ஷிப்ட் கணக்கு. காலையில எட்டரைக்கு உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரைக்கும் இருந்தா ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி ஆர்டர் இருக்கற சீசன்ல ஒன்றரை ஷிப்ட் போனாத்தான் வாடகை கட்ட முடியும். தண்ணியோ காலைல பதினொண்ணுக்கு வரும், மத்தியானம் மூணுக்கு வரும். வால்வு திறக்கறவருக்கே தெரிஞ்ச ரகசியம் அது. அப்ப யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும். அம்மா இருந்தா அரை ஷிப்ட் போச்சு. அதனால நான் இருந்தேன். ஏழாவது படிக்கும்போது தண்ணி நாள்னு நினைக்கற நாள்ல எல்லாம் எனக்கு 'வயித்து வலி'. எங்க கிளாஸ் டீச்சர் ஒரு நாள் அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்துட்டு, "உனக்கு ஆறு நாளைக்கு ஒரு தடவை எப்படிடி கரெக்டா வயித்து வலி வருது?"ன்னு கேட்டாங்க. நான் சொல்லல. பின்னாடி பெஞ்ச்ல இருந்த இன்னொரு லைன் வீட்டுப் பொண்ணுதான், "மிஸ், அவங்க ஏரியாவுக்கு இன்னைக்குத்தான் தண்ணி"ன்னு சொல்லிட்டா.

ஒரு தடவை வீட்டுக்காரம்மாவுக்கும் எங்களுக்கும் சண்டை. வாடகை பத்து நாள் லேட். அவங்க குழாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்க. இரும்புல ஒரு மூடி செஞ்சு அதுல பூட்டு. அம்மா போய், "அக்கா, வாடகைக்குத் திட்டுங்க, தண்ணிய அடைக்காதீங்க"ன்னு சொன்னாங்க. அவங்க சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "கனெக்‌ஷன் எம் பேர்ல இருக்கு, வரி நான் கட்டறேன். உனக்குன்னு கார்ப்பரேஷன்ல யாரும் தண்ணி விடல."

கொடுமையான வார்த்தைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவங்க சொன்னது உண்மை. (அப்ப நகராட்சிதான், மாநகராட்சி ஆனது 2008ல. அது வேற விஷயம்.) நம்ம ஊர்கள்ல குடிநீர் இணைப்பு மனுஷனுக்குக் கிடையாது, கட்டடத்துக்கு. சொத்து வரி ரசீது வேணும், டெபாசிட் கட்டணும், கதவு எண் வேணும். குடியிருக்கறவங்க எட்டு குடும்பமா இருந்தாலும் நகராட்சிக் கணக்குல அது ஒரு சொத்து, ஒரு இணைப்பு. நாங்க அந்த ஊர்ல இருபது வருஷத்துக்கு மேல இருந்தோம். ஓட்டு அங்கதான் போட்டோம். குழாய்க் கணக்குல மட்டும் நாங்க இல்லவே இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, இது ஏதோ தண்ணியைப் பத்திக் கவலைப்படாத ஊர்ல நடந்த கதை இல்ல. இந்தியாவுலயே தண்ணிக்காக வித்தியாசமா ஒரு பரிசோதனை நடந்த ஊர் திருப்பூர்.

பின்னலாடைன்னா நூல், நிட்டிங் மெஷின், தையல்னுதான் ஞாபகம் வரும். ஆனா நடுவுல சாயப்பட்டறை இருக்கு. பழைய வின்ச் மெஷின்கள்ல ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏத்த நூறு லிட்டருக்கு மேல தண்ணி போகும். ஒரு டீ-ஷர்ட் சுமார் 150 கிராம். கணக்குப் போட்டா ஒரு டீ-ஷர்ட்டுக்கு 15 லிட்டர், அதாவது சரியா ஒரு குடம். அதுவும் உப்பு இல்லாத தண்ணி வேணும், இல்லைன்னா சாயம் ஒரே மாதிரி பிடிக்காது. வெள்ளைக்காரன் கேட்ட ஷேடு வராது.

1990கள்ல ஏற்றுமதி ஏற ஏற, சாயப்பட்டறைகள் சுத்துவட்டாரத் தோட்டத்துக் கிணறுகள்ல இருந்து லாரி லாரியா தண்ணி வாங்கினாங்க. வெள்ளாமை வெக்கறதைவிடத் தண்ணி விக்கறது லாபம்னு ஆன காலம் அது. பயன்படுத்தின தண்ணி? நொய்யல்ல. பருத்தியில சாயம் ஏற உப்பு வேணும், கிலோ கணக்குல உப்பு. அந்த உப்பு துணியில தங்காது, தண்ணியோட வெளிய வந்துடும். அது ஆத்துல கலந்து, மண்ணுல இறங்கி, கிணத்துக்கும் போருக்கும் போய்ச் சேர்ந்துச்சு. எங்க காம்பவுண்டுல சோப்பு நுரைக்காததுக்கு கொங்கு மண்ணோட பாறை மட்டும் காரணம் இல்ல. நொய்யல் ஓரம் குடியிருந்த நாங்க குளிச்ச சப்பைத் தண்ணியில யாரோ போட்டுக்கிட்ட டீ-ஷர்ட்டோட உப்பும் இருந்தது.

இந்த நிலைமையிலதான் 1995ல 'நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்'னு ஒரு கம்பெனி உருவாச்சு. தமிழக அரசு, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிதி நிறுவனம், எல்லாரும் சேர்ந்தது. சுமார் ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம். பவானி ஆறு காவிரியோட கலக்குற இடத்துக்குப் பக்கத்துல தண்ணி எடுத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல குழாய் போட்டு, ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் திருப்பூருக்குக் கொண்டு வர்றது. தனியார் முதலீட்டோட நடந்த இந்த அளவு குடிநீர்த் திட்டம் இந்தியாவுல இதுதான் முதல்னு பரவலா சொல்வாங்க. 2005-06 வாக்குல தண்ணி வந்துச்சு.

அதுல பாதிக்கும் மேல தொழிற்சாலைகளுக்கு. விலை ஆரம்பத்துல ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய். மிச்சம் திருப்பூர் நகரத்துக்கும் வழியில இருக்கற ஊர்களுக்கும். நகரத்துக்கு ஆயிரம் லிட்டர் சுமார் 5 ரூபாய். அதாவது சாயப்பட்டறை அதிகமா குடுக்கற காசு, வீட்டுத் தண்ணியோட விலையைத் தாங்கும்.

நான் காலேஜ்ல முதல்முதலா இதைப் படிச்சப்ப, நல்ல ஏற்பாடா இருக்கேன்னு தோணுச்சு. இப்பவும் அந்த யோசனை முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். தண்ணியால சம்பாதிக்கறவங்க அதிகம் கட்டட்டும், சரிதானே? ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

ஒண்ணு, கம்பெனி தண்ணியை வீட்டுக்கு விக்கல. மொத்தமா நகராட்சிக்கு வித்துச்சு. அங்கிருந்து தெருவுக்கு, தெருவுல இருந்து வீட்டுக்கு வர்றது பழைய நகராட்சிக் குழாய்தான், பழைய விதிதான். ஆயிரம் கோடி ரூபாய்க் குழாய் எங்க தெரு வரைக்கும் வந்து, கடைசியில வீட்டுக்காரம்மாவோட அந்த இரும்பு மூடிக்கு முன்னாடி நின்னுடுச்சு. சாயப்பட்டறைக்கு மீட்டர் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, தண்ணி வரலைன்னா கேள்வி கேக்க ஒரு கவுண்டர் இருந்தது. ரூம் நம்பர் ஆறுக்கு சாக்பீஸ் கோடுதான்.

ரெண்டாவது, அந்தத் திட்டத்தோட கணக்கு முழுக்க சாயப்பட்டறைத் தலையில நின்னுச்சு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பல வருஷம் நடத்தின வழக்குல, 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளிய போகக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2009ல உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம்தான் நின்னுச்சு. அப்பவும் நடக்கல. 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிடுச்சு. எழுநூறுக்கும் மேல பட்டறைகள். தண்ணி வாங்கறதுக்கு ஆளே இல்லாம கம்பெனியோட கணக்கு ஆட்டம் கண்டுச்சு. பிறகு பட்டறைகள் திறந்தப்ப, கழிவு நீரையே சுத்தம் பண்ணி மறுபடி மறுபடி பயன்படுத்தணும்னு ஆச்சு. அதனால அவங்களுக்குப் புதுத் தண்ணி முன்ன மாதிரி தேவைப்படல.

அந்த விவசாயிகள் ஏன் அவ்வளவு பிடிவாதமா இருந்தாங்கன்னு பார்க்கணும்னா ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகணும். நொய்யல் பாசனத்துக்காகக் கட்டி 1992ல முடிச்ச அணை. சில வருஷத்துலயே அது சாயக்கழிவு தேங்கற தொட்டியா மாறிடுச்சு. சுத்தி இருக்கற ஊர்கள்ல கிணத்துத் தண்ணியை மாடுகூடக் குடிக்கல. சொந்த நிலம், சொந்தக் கிணறு, பட்டா எல்லாம் இருந்தும் வீட்டுக்குக் குடிக்கத் தண்ணி வெளியிலிருந்து வரணும்னு ஆன மக்கள் அவங்க. அவங்களாவது கோர்ட்டுக்குப் போக முடிஞ்சுது. ஆயக்கட்டுதாரர்னு சட்டத்துல அவங்களுக்கு ஒரு பேர் இருந்தது. லைன் வீட்டுக்காரங்களுக்கு அப்படி ஒரு பேர் கிடையாது.

சரி, இப்ப அதே ஆத்துல மேல ஏறுவோம். திருப்பூருக்குத் தண்ணி வர்ற அந்த பவானி ஆத்துல மேல போனா பவானிசாகர் அணை. 1955ல முடிஞ்சது. அணைக்குப் பக்கத்துல, ஈரோடு மாவட்டத்துல, ஒரு பெரிய இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 1983க்கு அப்புறம் அலை அலையா இலங்கையில இருந்து வந்தவங்க மூணு லட்சத்துக்கும் மேல. திரும்பிப் போனவங்க போக, இப்பவும் தமிழ்நாடு முழுக்க நூத்துச் சொச்சம் முகாம்கள்ல சுமார் 58,000 பேர் இருக்காங்க. முகாமுக்கு வெளிய காவல் நிலையத்துல பதிஞ்சுட்டு இருக்கறவங்க இன்னும் முப்பதாயிரத்துக்கு மேல.

முகாம்னு நான் சொல்றது டென்ட் இல்ல. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னெண்டு ரூம், வரிசையா. எனக்கு அதைப் பத்திக் கேட்டப்ப எல்லாம் எங்க லைன் வீடுதான் ஞாபகம் வந்துச்சு. வரிசைக்கு ஒரு பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை. ஆம்பளைங்க நிறைய பேர் பெயின்டிங் வேலைக்குப் போவாங்க. வருகைப் பதிவு எடுக்கற நாள்ல குடும்பத்தோட அங்க இருக்கணும், இல்லைன்னா உதவித்தொகை நிக்கும். தண்ணி வர்ற நாள்ல யார் வீட்டுல இருப்பாங்கன்னு நான் சொல்லவே வேண்டாம்.

முப்பது, நாப்பது வருஷமா ஏன் அப்படியே இருந்துச்சு? ஏன்னா ஃபைல்ல அது தற்காலிகம். இந்தியா 1951ஆம் வருஷ அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல. 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை பேர் இல்ல. நிலம் அரசோடது, குடியிருக்கறவங்க பேர்ல பட்டா கிடையாது. போகப்போறவங்களுக்கு எதுக்கு வீட்டுக்கு வீடு குழாய், தெருக்குழாய் போதாதான்னு ஒரு எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள்ளயே இருக்கு. அந்த முகாம்லயே பிறந்து, அங்கிருந்தே கல்யாணம் பண்ணி, அவங்க பிள்ளைங்களும் காலேஜ் போற வயசுக்கு வந்தாச்சு. போகப்போறவங்க இன்னும் போகல.

2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு 317 கோடி ரூபாய்ல ஒரு திட்டம் அறிவிச்சாங்க. 7,469 வீடுகள் புதுசா கட்டித் தர்றது, குடிநீர், கழிப்பறை வசதிகள். 'அகதிகள் முகாம்'ங்கற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. அந்த வருஷக் கடைசியில வேலூர் மேல்மொணவூர்ல தொடங்கிப் பல முகாம்கள்ல கான்கிரீட் வீடு வந்திருக்கு. நல்ல விஷயம். கதவுக்குள்ள கழிப்பறைங்கறது ஒரு பொம்பளப் புள்ளைக்கு என்னன்னு தெரிஞ்சவங்க இதைச் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா வீடு வந்த பிறகும் அது அவங்க பேர்ல இல்ல.

'தற்காலிகம்'ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுப் படிச்சப்பதான் பாலஸ்தீன முகாம்கள் பத்தின விஷயங்கள் கண்ணுல பட்டுச்சு. 1948ல வீடு இழந்து துரத்தப்பட்டவங்களுக்காக ஐ.நா. 1949ல ஒரு அமைப்பை உண்டாக்குச்சு, யுஎன்ஆர்டபிள்யூஏ. அதுவும் தற்காலிகம்தான். இன்னைக்கு வரைக்கும் ஐ.நா. பொதுச்சபை அதைக் காலநீட்டிப்புப் பண்ணிட்டே இருக்கு. ஜோர்டான், சிரியா, லெபனான், மேற்குக்கரை, காசான்னு 58 முகாம்கள். பெய்ரூட்ல ஷத்தீலா முகாம் 1949ல டென்ட்டா ஆரம்பிச்சது. லெபனான்ல பல வருஷம் முகாம் வீட்டுக்கு நிரந்தரக் கூரை போடவே விடல. இன்னொரு பக்கம், முகாம்ல இருந்தவங்களுக்கே ஒரு பயம் இருந்துச்சு: கான்கிரீட் போட்டுட்டா ஊருக்குத் திரும்பற உரிமையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு. இது எனக்குப் புதுசு. குழாய் கேக்கறதே ஒரு அரசியல் முடிவா இருக்கற இடம்.

ஷத்தீலாவுல இன்னைக்கு அடுக்கடுக்கா கட்டடம் ஏறிடுச்சு. ஆனா கடல் தண்ணி நிலத்தடியில ஏறினதால குழாய்ல வர்றது உப்புத் தண்ணி. அது குளிக்க, கழுவ. குடிக்கறதுக்கு கேன் வாங்கணும். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சப்பைத் தண்ணி, நல்ல தண்ணி! அரபியில அதுக்கு என்ன வார்த்தை வெச்சிருக்காங்களோ.

மேற்குக்கரையில கதை வேற. அங்க 1967 நவம்பர்ல இஸ்ரேல் ராணுவம் போட்ட 158ஆம் எண் உத்தரவுப்படி, ராணுவத்தோட அனுமதி இல்லாம புதுசா எந்தத் தண்ணீர் அமைப்பும் வைக்கக்கூடாது. கிணறு தோண்டணும்னாலும் அனுமதி. அதனால முகாம்ல ஒரு குழாய்க்கு எப்பத் தண்ணி வரும்ங்கறது வால்வு திறக்கறவரோட கையில மட்டும் இல்ல. பெத்லகேம் பக்கம் பாலஸ்தீனர் வீடு எது, இஸ்ரேலியக் குடியிருப்பு எதுன்னு தூரத்துல இருந்தே சொல்லிடலாம்னு எழுதறாங்க. மொட்டை மாடியில கறுப்பு டேங்க் வரிசை இருந்தா பாலஸ்தீனர் வீடு. தண்ணி எப்ப வரும்னு தெரியாதவங்கதான் டேங்க்ல தேக்கி வைக்கணும். காசாவைப் பத்தி நான் இங்க ஒரு வரியில சொல்ல விரும்பல. 2023 அக்டோபர்ல தண்ணியை ஆயுதமா நிறுத்தினது எல்லாரும் பார்த்தது. அது தனி எபிசோட்.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். திருப்பூர் லைன் வீடும் ராணுவ ஆக்கிரமிப்புக்குக் கீழ இருக்கற முகாமும் ஒண்ணு இல்ல. எங்கம்மா சண்டை போட்டது ஒரு வீட்டுக்காரம்மாவோட, துப்பாக்கியோட இல்ல. பவானிசாகர் முகாமும் பெத்லகேம் முகாமும்கூட ஒண்ணு இல்ல. ஆனா மூணு இடத்துலயும் ஒரு விதி பொது. தண்ணி போறது ஆளுக்கு இல்ல, ஆளு அந்த இடத்துல இருக்கறதுக்கான உரிமைக்கு. பட்டா, கதவு எண், குடியுரிமை, அனுமதிச் சீட்டு, இதுல ஏதோ ஒண்ணு இல்லைன்னா நீங்க எத்தனை வருஷம் இருந்தாலும் குழாய்க்கு நீங்க விருந்தாளிதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாதான்னா, ஒரு தடவை கொஞ்சம் அவிழ்த்திருக்காங்க. மும்பையில. அங்க 2000ஆம் வருஷத்துக்கு அப்புறம் வந்த குடிசைகளுக்குச் சட்டப்படி தண்ணி இணைப்பே கிடையாதுன்னு இருந்துச்சு. 'பானி ஹக் சமிதி'ன்னு ஒரு அமைப்பு வழக்குப் போட்டாங்க. 2014 டிசம்பர்ல பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதோட சாரம் இது: குடிசை சட்டவிரோதமா இருக்கலாம், அதை இடிக்கறதா வேண்டாமாங்கறது வேற பிரச்சினை. ஆனா அங்க வாழ்ற மனுஷனுக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்கறது அரசியல் சட்டத்தோட 21ஆம் பிரிவுல வர்ற உயிர் வாழும் உரிமை. சட்டப்படியான வீட்டுக்குத் தர்ற அதே அளவு தரணும்னு இல்ல, கட்டணம் கூட வாங்கிக்கலாம், ஆனா தராம இருக்க முடியாது. அதை வெச்சு மாநகராட்சி 2022ல 'எல்லாருக்கும் தண்ணீர்'னு ஒரு கொள்கையே கொண்டு வந்தாங்க. அது தெருவுல எவ்வளவு நடக்குதுங்கறது தினசரிச் சண்டைதான். ஆனாலும் நிலத்தோட உரிமை வேற, தண்ணியோட உரிமை வேறன்னு ஒரு கோர்ட் எழுதியாச்சு.

திருப்பூர்ல அது எப்படி இருக்கும்னு நான் யோசிச்சுப் பார்ப்பேன். லைன் வீட்டுல ரூமுக்கு ஒரு இணைப்பு, ரூமுக்கு ஒரு மீட்டர், இருக்கறவர் பேர்ல. வீடு மாறினா மீட்டர்ல அடுத்தவர் பேர். சிலிண்டர் கனெக்‌ஷனை நம்ம பேர்ல மாத்திக்கிறோமே, அது மாதிரி. வீட்டுக்காரங்க எதிர்ப்பாங்க, ஏன்னா பூட்டுப் போடற அதிகாரம் போயிடும். குடியிருக்கறவங்கள்லயும் சிலர் வேண்டாம்பாங்க, தனி பில் வருமேன்னு. எங்கம்மாவே முதல்ல, "வாடகைல சேர்ந்து போற தண்ணிக்குத் தனியா ஒரு காசா"ன்னுதான் கேட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப பூட்ட முடியாதுல்ல?"ன்னாங்க.

போன மாசம் அந்த லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்க காலி பண்ணி ஆறு வருஷம் ஆச்சு. எட்டு ரூம்லயும் இப்ப ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்த பசங்க, ஒரு ரூமுக்கு அஞ்சு பேர், ஆறு பேர். தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு சொன்னாங்க, முன்னைக்கு இது பரவாயில்ல. மேட்டுப்பாளையத்துல இருந்து நாலாவது திட்டத் தண்ணி வருதுன்னு ஊருக்குள்ள சந்தோஷமா பேசிக்கறாங்க. குழாய் அதே இடத்துலதான் இருக்கு. வீட்டுக்காரம்மாவுக்கு வயசாயிடுச்சு, என்னை அடையாளம் தெரிஞ்சு காபி போட்டுக் குடுத்தாங்க.

சுவத்துல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் அந்தப் பெயிண்ட் நம்பர் இன்னும் அழியல. ஆறுக்குக் கீழ ஹிந்தியில அஞ்சு பேர் எழுதியிருந்துச்சு. எனக்கு ஹிந்தி எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அங்க நின்ன பையன்கிட்ட இது என்னன்னு கேட்டேன். யார் எந்த வாரம் லீவு போட்டுத் தண்ணி பிடிக்கணும்னு முறை வெச்சிருக்காங்களாம். அந்த வாரம் அவனோட முறை.

உங்க வீட்டுல தண்ணி வர்ற நாள்ல யார் இருப்பாங்க, குழாய் யார் பேர்ல இருக்குன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் சேர்த்துப் போடறோம்.